பிசாசுகளும் விசுவாசிக்கின்றன என்றால், இரட்சிக்கும் விசுவாசம் எது?

வேதத்தை, அதாவது பைபிளை, புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்களை நன்றாகக் குழப்புகிற ஒரு விஷயம் இது. அப்போஸ்தலர் 16-ல் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் நள்ளிரவில் நடுங்கிக்கொண்டே ஓடிவந்து, இரட்சிக்கப்பட நான் என்ன செய்ய வேண்டும் என்று பவுலையும் சீலாவையும் கேட்கிறான். பதில் ஒரே வரி: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்." சரி, விசுவாசித்தால் போதும் என்று எடுத்துக்கொண்டு மேலே வாசித்துக்கொண்டே போனால், யாக்கோபின் நிருபத்தில் இப்படி இருக்கிறது: "தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், அப்படிச் செய்கிறது நல்லதுதான், பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன."

சிறைச்சாலைக்காரனும் விசுவாசிக்கிறான், பிசாசும் விசுவாசிக்கிறது. அவன் விடிவதற்குள் ஞானஸ்நானம் பெற்று வீட்டாரோடு மகிழ்ந்திருக்கிறான், பிசாசுக்கு மிஞ்சுவது நடுக்கம் மட்டும்தான். அப்படியானால் இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? இதைப் புரிந்துகொண்டால் புதிய ஏற்பாட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தாண்டிப் போனால் மற்ற எதுவும் விளங்காது. இரட்சிப்பு என்றால் எதிலிருந்து? வறுமையிலிருந்தோ நோயிலிருந்தோ என்று வேதம் முதலில் சொல்லவில்லை. எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானார்கள் என்கிறது ரோமர் 3:23. பாவத்தின் சம்பளம் மரணம் என்கிறது ரோமர் 6:23. பாவத்தின் குற்றம், அதன் மேல் வருகிற தேவனுடைய நியாயத்தீர்ப்பு, தேவனை விட்டுப் பிரிந்த நிலை, இவற்றிலிருந்துதான் மனிதன் மீட்கப்பட வேண்டியிருக்கிறது. அந்த மீட்பை மனிதன் சம்பாதிக்க முடியாது, கிறிஸ்து தம்முடைய மரணத்தினாலும் உயிர்த்தெழுதலினாலும் அதைச் செய்து முடித்திருக்கிறார், அதை மனிதன் பெற்றுக்கொள்கிற வழி விசுவாசம். எபேசியர் 2:8 இந்த வரிசையை அப்படியே தருகிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." கிருபை தேவனுடையது, ஈவும் தேவனுடையது, விசுவாசம் அதை வாங்கிக்கொள்கிற வெறும் கை. கையில் ஏதாவது வைத்துக்கொண்டு வந்து கொடுத்து வாங்குகிற வியாபாரம் இல்லை இது. இந்த வெறும் கை என்கிற ஒப்புமையை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

இப்போது பிசாசுகளிடம் வருவோம். சுவிசேஷங்களை வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும், இயேசு யார் என்று சீஷர்களுக்குப் பிடிபடுவதற்கு முன்னாலேயே அசுத்த ஆவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. மாற்கு முதல் அதிகாரத்திலேயே, கப்பர்நகூம் ஜெபஆலயத்தில் ஒரு அசுத்த ஆவி "உம்மை இன்னார் என்று அறிவேன், நீர் தேவனுடைய பரிசுத்தர்" என்று கத்துகிறது. அதன் உபதேசத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. தேவன் ஒருவர் என்பதும், இயேசு அவருடைய குமாரன் என்பதும், நியாயத்தீர்ப்பு வரும் என்பதும் அவற்றுக்குச் சந்தேகமற்ற உண்மைகள். ஆனால் அந்த அறிவு அவற்றை இயேசுவிடம் கொண்டுவரவில்லை. எங்களுக்கும் உமக்கும் என்ன, எங்களை விட்டுவிடும் என்றுதான் கத்தவைக்கிறது. அறிவு சரியாக இருக்கிறது, அதை மெய் என்று ஒத்துக்கொள்வதும் இருக்கிறது, அவரிடம் தன்னை ஒப்படைப்பது மட்டும் இல்லை.

16-ம் நூற்றாண்டில் கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த இயக்கத்திலிருந்து வந்த சபைகள் விசுவாசத்தை மூன்று பாகமாகப் பிரித்துக் கற்பிப்பது இதனால்தான். நற்செய்தியின் செய்தியை அறிந்திருப்பது முதலாவது, அது உண்மை என்று ஏற்பது இரண்டாவது, அந்தச் செய்தியில் வருகிற கிறிஸ்துவின் மேல் என் பாரத்தையெல்லாம் வைத்து அவரை நம்பிச் சார்ந்துகொள்வது மூன்றாவது. அந்தச் சபைகளின் போதனையைக் கேள்வி பதிலாகத் தருகிற, 1563-ல் வெளிவந்த ஹைடெல்பர்க் வினாவிடை, மெய்யான விசுவாசம் எது என்ற கேள்விக்கு, அது நிச்சயமான அறிவு மட்டுமல்ல, பாவமன்னிப்பு மற்றவர்களுக்கு மாத்திரமல்ல எனக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிற இருதய நம்பிக்கையும்கூட என்று பதில் சொல்கிறது. அந்த 'எனக்கும்' என்கிற இடத்துக்குப் பிசாசு ஒருபோதும் வருவதில்லை. சபையில் வளர்ந்து, வசனங்களை மனப்பாடமாகச் சொல்லி, ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவர்கள்கூட இந்த மூன்றாவதற்கு வராமலே பல வருஷம் இருந்துவிட முடியும் என்பதை யோசித்துப் பார்க்கவே மனசு கனக்கிறது.

அறிவு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. யார் என்றே தெரியாத ஒருவரை நம்ப முடியாது. பவுல் கொரிந்தியருக்குத் தான் அறிவித்த நற்செய்தியைச் சுருக்கிச் சொல்லும்போது, கிறிஸ்து வேதவாக்கியங்களின்படி நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்கிறார் (1 கொரிந்தியர் 15:3-4). நடந்த ஒன்றைச் சொல்கிற செய்தி அது. "எதையாவது நம்பு, நல்லது நடக்கும்" என்று இன்று பலரும் சொல்கிற நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் வேதத்தில் விசுவாசத்துக்கு எப்போதும் ஒரு ஆள் எதிரில் இருக்கிறார்.

அற்புதத்தைப் பார்த்து வருகிற ஈர்ப்பும் வேறு. இதை யோவான் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பஸ்கா பண்டிகையில் இயேசு செய்த அற்புதங்களைக் கண்டு அநேகர் அவருடைய நாமத்தில் விசுவாசம் வைத்தார்கள், ஆனால் இயேசு எல்லாரையும் அறிந்திருந்தபடியால் அவர்களை நம்பி இணங்கவில்லை என்று 2-ம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. சமாரியாவில் மாயவித்தை செய்துவந்த சீமோனும் இப்படித்தான். அவனும் விசுவாசித்தான், ஞானஸ்நானம் பெற்றான், அங்கே நற்செய்தியை அறிவித்த பிலிப்புவைப் பற்றிக்கொண்டு பிரமித்துப் போனான் என்று எழுதியிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பரிசுத்த ஆவியைக் கொடுக்கிற அதிகாரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்க்கிறான். உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயிருக்கவில்லை என்கிறார் பேதுரு. சீமோனுக்கு வல்லமை தேவைப்பட்டது, இரட்சகர் தேவைப்படவில்லை. பத்துக் குஷ்டரோகிகளின் கதையையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம் (லூக்கா 17). பத்துப் பேரும் சுகமானார்கள், திரும்பி வந்து இயேசுவின் பாதத்தில் விழுந்த ஒருவனிடம்தான் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றார்.

அப்படியானால் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு உறுதி இருக்க வேண்டும் என்ற கேள்வி வரும். இதற்குச் சிலுவையில் தொங்கின கள்ளனைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. மத்தேயுவின்படி முதலில் இரண்டு கள்ளர்களுமே இயேசுவை நிந்தித்தார்கள். அப்புறம் ஒருவனுக்குள் ஏதோ மாறுகிறது. அவன் பேசினதை லூக்கா 23-ல் நிதானமாக வாசியுங்கள். "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்" என்று கூட்டாளியிடம் சொல்கிறான், அதாவது தன் குற்றத்துக்கு ஒரு சாக்கும் சொல்லவில்லை. "இவரோ தகாததொன்றையும் நடப்பிக்கவில்லையே" என்கிறான். பிறகு இயேசுவின் பக்கம் திரும்பி, "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்று கேட்கிறான். யாரிடம் கேட்கிறான் பாருங்கள்! இரத்தம் வடிய, ஆணியடிக்கப்பட்டு, சீஷர்கள் ஓடிப்போய், எல்லாரும் கேலி செய்துகொண்டிருக்கிற ஒருவரிடம் ராஜ்யத்தைப் பற்றிப் பேசுகிறான். அந்த நேரத்தில் அந்த இடத்தில் அதைச் சொல்ல எவ்வளவு பெரிய விசுவாசம் வேண்டும் என்று தோன்றும், ஆனால் அவனிடம் கேட்டிருந்தால் நான் கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான் என்றிருப்பான் என்று நினைக்கிறேன். அவனால் ஞானஸ்நானம் பெற முடியாது, திருடினதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஒரு நற்செயலுக்கும் நேரமில்லை, கையைக்கூட அசைக்க முடியாது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. தன்னை மறைக்காமல் ஒத்துக்கொண்டது, இயேசுவை யாரென்று கண்டது, அவர் மேலேயே தன்னைப் போட்டுவிட்டது, இவ்வளவும் அந்தச் சில வாக்கியங்களுக்குள் இருக்கிறது.

விசுவாசத்தின் அளவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். எண்ணாகமம் 21-ல் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் இஸ்ரவேலரைக் கடிக்கின்றன, மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்து கம்பத்தின் மேல் வைக்கிறான், கடிக்கப்பட்டவன் அதை நோக்கிப் பார்த்தால் பிழைப்பான். இயேசு நிக்கொதேமுவோடு பேசும்போது தம்முடைய சிலுவையை விளக்க இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்தார், பலரும் தனியாக மனப்பாடம் செய்கிற யோவான் 3:16 இதைத் தொட்டுத்தான் வருகிறது. நல்ல பார்வை உள்ளவன் பார்த்தாலும் கண் மங்கினவன் பார்த்தாலும், பிழைக்க வைத்தது பார்வையின் கூர்மை இல்லை. இன்னொரு இடம் மாற்கு 9. பிள்ளைக்காக வந்து நிற்கிற தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே கதறுகிறான். போய் உன் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனை அனுப்பவில்லை. பையன் சுகமானான். சந்தேகம் எட்டிப் பார்த்தாலே என் விசுவாசம் போலி என்று பயப்படுகிறவர்கள் இந்த ஜெபத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், வேதத்தில் எழுதியிருக்கிற ஜெபம்தானே. விசுவாசம் என்பது நம் மனதை இறுக்கி இறுக்கி உண்டாக்குகிற ஒரு உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, எனக்கு அது போதாது, எனக்கு அது போதாது என்று தன்னையே தோண்டிக்கொண்டிருப்பதுதான் நல்ல மனிதர்கள் பலரை வருஷக்கணக்கில் வாட்டுகிறது. தனக்குள்ளே பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்க வேண்டும்.

சரி, கிரியைகளின், அதாவது நாம் செய்கிற செயல்களின் விஷயம். பெரிய சண்டை இங்கேதான். பவுல் ரோமர் 3:28-ல், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார். யாக்கோபு 2:24-ல், மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார். நேருக்கு நேர் மோதுகிற மாதிரி இருக்கிறதா? இன்னும் வேடிக்கை, இருவரும் சாட்சிக்குக் கூப்பிடுகிற ஆள் ஒரே ஆள், ஆபிரகாம். எடுத்துக்காட்டுகிற வசனமும் ஒன்றே, ஆதியாகமம் 15:6: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தரே 1522-ல் தன் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், பவுலின் நிருபங்களோடு ஒப்பிட்டால் யாக்கோபு வைக்கோல் நிருபம் என்று எழுதுகிற அளவுக்கு இது அவரை உறுத்தியிருக்கிறது. லூத்தர் அவசரப்பட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன், ஏனென்றால் இருவரும் ஆபிரகாமுடைய வாழ்க்கையில் எந்த நாளைச் சுட்டுகிறார்கள் என்று பார்த்தாலே முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

பவுல் பார்க்கிறது 15-ம் அதிகாரத்து இரவை. பிள்ளையில்லாத கிழவனை வெளியே கூட்டிக்கொண்டு போய், நட்சத்திரங்களை எண்ணு, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார் தேவன். ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) அதை விசுவாசித்தான், நீதிமானாக எண்ணப்பட்டான். அவன் விருத்தசேதனம் பண்ணப்பட்டது 17-ம் அதிகாரத்தில், 99 வயதில். நடுவில் அவன் மகன் இஸ்மவேல் பிறந்தபோது அவனுக்கு 86. அதாவது நீதிமானாக எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் இடையே குறைந்தது 13 வருஷம். பவுல் ரோமர் 4-ல் இந்தக் காலவரிசையைத்தான் பிடித்துக்கொள்கிறார்: அடையாளம் வருவதற்கு முன்னாலேயே, எந்தச் சடங்கும் செய்வதற்கு முன்னாலேயே அவன் நீதிமானாகிவிட்டான், ஆகவே சடங்கு அவனை நீதிமானாக்கவில்லை. யாக்கோபு பார்க்கிறது 22-ம் அதிகாரத்து மலையை, ஈசாக்கு பிறந்து வளர்ந்த பிறகு, அவனைப் பலிபீடத்தின் மேல் வைத்த நாளை. அந்த இரவில் தேவனை நம்பினவன் மெய்யாகவே நம்பினான் என்பது இந்த மலையில் தெரிந்துபோனது, விசுவாசம் அவனுடைய கிரியைகளோடு சேர்ந்து செயல்பட்டது, கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது என்கிறார் யாக்கோபு. தேவனிடம் எதையாவது செய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைக்கிறவனுக்குப் பவுல் பதில் சொல்கிறார். வஸ்திரமில்லாமல் பசியோடு நிற்கிற சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, எனக்கு விசுவாசம் உண்டு என்கிறவனுக்கு யாக்கோபு பதில் சொல்கிறார். கேட்கிறவன் வேறு, அதனால் பதிலும் வேறு.

பவுலுக்கே கிரியைகள் மேல் வெறுப்பு இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. எபேசியர் 2:8, 9 வசனங்களைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் 10-ம் வசனத்தையும் வாசிக்க வேண்டும், நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது. கலாத்தியர் 5:6 இதை இன்னும் சுருக்கமாக, அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்கிறது. அந்தச் சிறைச்சாலைக்காரனையே எடுத்துக்கொள்ளுங்கள்: சற்று முன்னால் கைதிகளின் கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தவன், அதே இராத்திரியில் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு வைக்கிறான். காயம் கழுவினதால் இரட்சிக்கப்பட்டான் என்று லூக்கா எழுதவில்லை, ஆனால் கழுவினான் என்று எழுதாமலும் விடவில்லை.

இந்த இடத்தில் சபைகள் ஒரே மாதிரி பேசுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1547-ல் திரெந்து சங்கம் என்கிற கத்தோலிக்க ஆயர்களின் கூட்டம் தங்கள் சபையின் போதனையை வரையறுத்தபோது விசுவாசத்தை இரட்சிப்பின் தொடக்கம், அஸ்திபாரம், வேர் என்றது, ஆனால் விசுவாசம் மட்டுமே என்று சீர்திருத்தக்காரர்கள் சொன்ன விதத்தை ஏற்கவில்லை. நீண்ட காலத்துக்குப் பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று, கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலில் வைக்கிற விசுவாசத்தில் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று அதில் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். எல்லா வேற்றுமையும் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் நானூற்றைம்பது வருஷச் சண்டைக்குப் பிறகு இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்ந்து சொன்னதே எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மனந்திரும்புதல் எங்கே வருகிறது? விசுவாசத்தோடு ஒட்டியே வருகிறது. இயேசு ஊழியத்தைத் தொடங்கும்போதே "மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் (மாற்கு 1:15). ஒருவர் பக்கம் திரும்புவது என்றால் மற்றதற்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். பாவத்தை முழுவதும் விட்டுச் சுத்தமான பிறகு வா என்று இதற்குப் பொருள் இல்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு முதலில் கணக்கைச் சரிசெய்துவிட்டு இயேசுவைக் கூப்பிடவில்லை, இயேசுதான் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றார், அப்புறம்தான் அவன் எழுந்து நின்று ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

கூட்டத்தின் முடிவில் ஒரு ஜெபத்தைத் திருப்பிச் சொல்லி, கையை உயர்த்தினால் இரட்சிப்பு முடிந்தது என்று சொல்லிக்கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்படி ஜெபித்து மெய்யாகவே கிறிஸ்துவிடம் வந்தவர்கள் அநேகர். ரோமர் 10:9-ம் வாயினால் அறிக்கையிடுவதைச் சொல்லத்தான் செய்கிறது, ஆனால் இருதயத்தில் விசுவாசிப்பதையும் அதே வசனத்தில் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்த ஜெபத்தின் வார்த்தைகளுக்குள் ஒரு சக்தியும் இல்லை. "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்லி, உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோமே என்று வாதாடுகிறவர்களைப் பார்த்து, நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை என்று இயேசு சொல்வதாக மத்தேயு 7-ல் இருக்கிறது. அவர்கள் எதைக் காட்டி வாதாடுகிறார்கள் என்று கவனியுங்கள், தாங்கள் செய்ததை.

விசுவாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு, கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும் என்கிறது ரோமர் 10:17 (கேள்வி என்றால் இங்கே காதால் கேட்பது). அதே பிலிப்பி பட்டணத்தில் லீதியாள் பவுல் சொன்னதைக் கவனிக்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார் என்றும் எழுதியிருக்கிறது. தேவன் தருகிறாரா, மனிதன் தீர்மானிக்கிறானா என்ற வாதம் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது, தொடக்கத்திலேயே அதற்குள் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம். வசனத்தைக் கேட்க வேண்டும், திறந்தருளும் என்று கேட்கவும் வேண்டும், இந்த இரண்டையும் இரண்டு பக்கத்தாரும் மறுக்கமாட்டார்கள்.

இரட்சிக்கும் விசுவாசம் எனக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும், விசுவாசித்த பிறகும் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது பலருக்கு உள்ளே அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி. இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் ஜான் கால்வின் வழி வந்தவர்களும் ஜான் வெஸ்லி வழி வந்தவர்களும் வேறுவேறு பதில் தருகிறார்கள். பேதுருவுக்கு நடந்தது என்ன என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். இயேசுவைத் தனக்குத் தெரியாது என்று அவன் மறுதலிப்பதற்கு முன்னமே இயேசு அவனிடம், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் (லூக்கா 22:32). பேதுருவின் தைரியம் ஒழிந்துபோனது, வாக்குறுதி ஒழிந்துபோனது, மூன்று தரம் அறியேன் என்றான், பிறகு மனங்கசந்து அழுதான். திரும்பி வந்தான். அவனைப் பிடித்து நிறுத்தினது அவனுடைய பிடி என்று யாராலும் சொல்ல முடியாது.

நிச்சயம் தேடுகிறவர்களுக்கென்றே எழுதப்பட்டது யோவானின் முதலாம் நிருபம், 5:13-ல் அதைச் சொல்லியும் இருக்கிறார். சகோதரனிடத்தில் அன்பு இருக்கிறதா, அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்ள மனம் இருக்கிறதா, இயேசுவைத் தேவகுமாரனென்று அறிக்கையிடுகிறேனா என்று அது கேட்டுக்கொண்டே போகும். அதே நிருபம் முதல் அதிகாரத்திலேயே, நமக்குப் பாவமில்லையென்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம், பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியுமுள்ளவராயிருக்கிறார் என்றும் சொல்லிவிடுவதால், இந்தச் சோதனைகளைக் குற்றமே செய்யாதவனுக்கான தேர்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

புதிதாக வாசிக்கிறவர்கள் யோவான் சுவிசேஷத்திலிருந்து தொடங்கலாம், 21 அதிகாரம்தான், நீங்கள் விசுவாசித்து ஜீவனை அடையும்படி இவை எழுதப்பட்டன என்று யோவானே 20:31-ல் சொல்லியிருக்கிறார். அப்புறம் ரோமர் 3, 4, 5. அதன் பிறகு யாக்கோபு 2. அந்த வரிசையில் வாசித்தால், பக்கத்தில் ஆதியாகமம் 15-ஐயும் 22-ஐயும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.